அடுத்த எண்

என்னுடையது அறுநூற்றுப் பதினொன்று.
கோகிலவாணிக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு.
ரிசல்ட் வந்த அன்று
இதிலும் பக்கத்து பெஞ்சா என்று சிரித்தோம்.
இன்று ரெண்டாம் சுற்று.
காலியிடப் பட்டியலில்
சேலம், பொது மருத்துவம்: ஒன்று.

அந்த வரியை யாரும் யாருக்கும்
படித்துக் காட்டவில்லை.

அஸ்தம்பட்டியில் மாடி அறை.
ஒரே ஃபேன், ரெண்டு லேப்டாப்,
முதுகுக்கு முதுகு.
நடுவில் தட்டுவடை செட்,
பீட்ரூட் துருவல் சிந்திய காகிதம்.
ஜன்னலில் ஏற்காட்டுப் பாதையின் விளக்குகள்
வளைந்து வளைந்து ஏறி
பாதியில் மேகத்துக்குள் போய்விடுகின்றன.

நூற்றுப் பதினேழு வரி நிரப்பியாயிற்று.
ஒவ்வொரு வரியிலும் யாரோ ஒரு சீனியரின் குரல்:
தஞ்சாவூரா? கேஸ் நிறைய வரும், தூக்கம்தான் வராது.
திருநெல்வேலியில மெஸ் நல்லாருக்கும்.
அந்தத் தனியார் காலேஜா? நடுவுல விட்டா
பணம் கட்டணும், யோசிச்சுக்கோ.
அங்க சீஃப் ரவுண்ட்ஸ்ல ஃபைல வீசுவாரு,
ஆனா வீசுன பிறகு சொல்லித் தருவாரு.

மூன்று வருடத்தை இப்படித்தான் வாங்குகிறோம்,
மாம்பழக் கடையில் காம்பை முகர்ந்து வாங்குவதுபோல.
உள்ளே வண்டு இருக்கிறதா என்பது
அறுத்தால்தான் தெரியும்.

எனக்குச் சேலம் எதற்கு?
கேட்டுப் பார்த்தேன்.
ஏழாவது படுக்கைக்கு மேல்
எந்த ஸ்விட்ச் வேலை செய்யாது என்று தெரியும்.
கேட்டுக்கு எதிர் டீக்கடையில் கடன் சொல்லலாம்.
ராத்திரி ரெண்டு மணிக்குப் போனாலும்
ரத்த வங்கி முனியப்பன் அண்ணன்
திட்டிக்கொண்டே எடுத்துத் தருவார்.
அவ்வளவுதான்.
புது ஊரில் புது ஆளாய் நிற்கப் பயம்.
அதற்கு மருத்துவப் பெயர் எதுவும் இல்லை.

அவளுக்கு எதற்கென்று எனக்குத் தெரியும்.
லீ பஜார் வெல்ல மண்டியில்
முப்பது வருடம் கணக்கெழுதிய அர்த்தநாரிக்கு
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
செவ்வாய், வியாழன், சனி.
டூட்டி மாற்றிக்கொண்டு கூட உட்காருவது அவள்தான்.
மெஷின் ஓடும் நாலு மணி நேரமும்
பேப்பரை அவளிடம் கொடுத்து
வெல்லம் மூட்டை எவ்வளவு, பார் என்பார்.
நாக்கில் வைக்கக்கூடாத பொருள்.
விலை மட்டும் தெரிந்தாக வேண்டும்.

மேல் அம்பு. கீழ் அம்பு.
சேலத்தை இரண்டுக்கு இறக்கினேன்.
மதுரை மேலே வந்து உட்கார்ந்தது.
மதுரையில் எனக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது.
மறுபடி ஏற்றினேன்.
ஏழு தடவை.
நடுவில் ஒரு தடவை அவள் இருமினாள்,
மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்,
திருடியைப்போல.

ரேங்க் என்பது உழைத்து வாங்கியது,
இதில் என்ன வெட்கம்?
எங்கள் இருவருக்கும் நடுவே ஒரே ஒரு கேள்வி.
தைராய்டைப் பற்றியது.
விடை தெரியாமல் நான் 'சி' என்று போட்டேன்.
அவளும் தெரியாமல்தான் 'டி' போட்டாளாம்.

பதினொன்று ஐம்பதுக்கு,
"லாக் பண்ணிட்டியா?" என்றாள், திரும்பாமல்.
"ம்."
அப்போது பண்ணியிருக்கவில்லை.
சொன்ன பிறகுதான் பண்ணினேன்.
சேலம் ஒன்றில் இருந்தது.

"எனக்குத் திருநெல்வேலி ஒத்துவரும்டி.
மெஸ் நல்லாருக்குமாம்ல."
கடைசி செட்டை என் பக்கம் தள்ளினாள்.
தின்றேன். நமத்துப்போயிருந்தது.

இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில்
ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை
டயாலிசிஸ் வார்டு ரோஸ்டரில் என் பெயர் இருக்கும்.
அர்த்தநாரி இடது கையை ஊசிக்குக் கொடுத்துவிட்டு
வலது கையால்
பேப்பரை என்னிடம் நீட்டுவார்.
அவள் எப்படி இருக்கிறாள் என்றெல்லாம் கேட்கமாட்டார்.
மூட்டை எவ்வளவு, பார் என்பார்.